வீடும் அதை ஒட்டிய நிலமும்

பாலாவுக்கு அப்பா எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமை நீ சென்னையிலிருந்து போனில் ஒன்று கேட்டாய். நான் "பாக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வாய் எழவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷம் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல் மேஜை போட்டு உட்கார்ந்து ஊராருக்குப் பத்திரம் எழுதியவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் என்று எத்தனையோ குடும்பங்களின் பேச்சைக் கேட்டுக் காகிதத்தில் இறக்கியிருக்கிறேன். நேரில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தத் தொழிலில் வந்ததுதான். இதை நீ ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நடுவில் கோபம் வரும். வந்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் படி. பாதியில் மட்டும் விட்டுவிடாதே.

நீ கேட்டதை நீ சொன்னபடியே எழுதுகிறேன், நான் தப்பாகக் கேட்டிருந்தால் நீ திருத்திக்கொள்ளலாம். "எப்பா, நம்ம கன்டெய்னர் யார்டைப் பெருசாக்கணும். லைசென்ஸுக்கு எடம் ஒரே தொடர்ச்சியா இருக்கணுங்கான். கெழக்க உள்ள நம்ம எடத்தோட அக்கா வீட்டு எடத்தையும் சேத்தாத்தான் அளவு வருது. நடுவுல பொது ரோடு போகுதே, அப்புறம் எப்படித் தொடர்ச்சின்னு ஆபீசர் கேக்கான். ஆதியில இருந்தே ஒரே நெலமா ஒரே கையில இருந்துச்சுன்னு காட்டிட்டா ரோடு ஒரு பொருட்டே இல்லன்னு வக்கீல் சொல்லுதாரு. பத்திரம் எழுதின ஆளு நீங்கதான. ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்துருங்க. வீட்டை வாங்குத விஷயத்தை அக்கா மக அபிகிட்ட நீங்களே பேசிருங்க. அவ நீங்க சொன்னாக் கேப்பா." இவ்வளவும் சொல்லிவிட்டு, வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறேனா என்றும் கேட்டாய். உன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நிலத்துக்காக, நடுவில் ரோடு போவதால் இரண்டும் வேறு வேறு நிலம் என்று நாம் கோர்ட்டில் நின்று சொன்னோம். அன்றைக்கு நீ உன் வக்கீல் சொன்னதைச் சொன்னாய், இன்றைக்கும் வக்கீல் சொல்வதைச் சொல்கிறாய். உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. உனக்குத் தெரிய வேண்டிய ஒன்றை உனக்குத் தெரியாமல் வைத்திருந்தவன் நான்.

உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை என் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாய். அந்த நிலம் உன் அம்மாவுக்கு அவளுடைய அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. கீழவைப்பார் போகிற பாதையில், கடற்காற்று உப்போடு வந்து அடிக்கிற செம்மண் துண்டு. மேற்கு ஓரத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு, அதன் தண்ணீர் துணி துவைக்கக்கூட ஆகாது, அவ்வளவு உவர்ப்பு. நல்ல தண்ணீர் கிணறு நிலத்தின் கிழக்குக் கோடியில் இருந்தது. நீ பிறப்பதற்கு முன்பு நடுவில் ஒரு வண்டித்தடம் போனது. பிறகு அதைப் பஞ்சாயத்து ரோடாக்கினார்கள், பிறகு தார் போட்டார்கள், பிறகு துறைமுகத்து லாரிகள் அந்த வழியே வர ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் அளந்து எடுத்து அகலமாக்கினார்கள். அப்போது சர்வே நம்பரை இரண்டு உட்பிரிவாகப் பிரித்து ஒரு காகிதம் வந்தது. அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ரோடு போறவன் வாறவனுக்கு, நெலம் நமக்கு. ரோடு போட்டா ஒரு நெலம் ரெண்டு நெலமாயிருமா?" என்றாள். கிழக்கே போவதற்கு அவள் செருப்புக்கூடப் போடமாட்டாள். லாரிக்காரனுக்கு ஒரு கையைக் காட்டிவிட்டு மறுகையில் குடத்தோடு கடந்துவிடுவாள். அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போவதுபோலத்தான் அவளுக்கு அது.

உன் அக்கா செல்வியைப் பற்றியும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சாயர்புரத்தில் படிப்பை முடித்த கையோடு கயத்தாற்றில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தேன். கடை இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது என்பதற்கு மேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. அவன் அடிக்கிறான் என்று அவள் முதல் தடவை வந்தபோது நான்தான் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை வந்தபோதும் அனுப்பினேன். மூன்றாம் தடவை கைக்குழந்தை அபியோடு வந்தாள். அன்று உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே இவளை எங்கயாவது அனுப்புனீங்கன்னா நானும் கூடப் போயிருவேன்" என்றாள். நீ அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டில் சத்தம் போடாதீர்கள் என்று சொன்னாய். அது உன் தப்பு இல்லை, அந்த வயதுக்கு அவ்வளவுதான் தெரியும். செல்வி அதற்குப்பின் அழுததை நான் பார்க்கவில்லை. கிழக்கு நிலத்தில் இறங்கிவிட்டாள். கீரைப் பாத்தி, வெண்டை, ஓரமெல்லாம் முருங்கை. காலைப் பஸ்ஸில் கூடையோடு தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, அபி பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடுவாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவளும் அவள் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அம்மா படுக்கையில் விழுந்த வருஷம், ஒரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். நீ துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தாய். செல்வி கஞ்சி டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றாள். "காகிதத்தை எடுங்க" என்றாள் உன் அம்மா. "வீட்டையும் வீட்டை ஒட்டுன நெலத்தையும் செல்விக்கு எழுதிருங்க. மத்ததெல்லாம் பாலாவுக்கு." மற்றதென்றால் டவுனில் நீ பிறகு வீடு கட்டிய மனையும் சாயர்புரம் பக்கத்துப் பனங்காடும். நான் கேட்டேன், "கெழக்க உள்ளதையுமா?" என்று. அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "பின்ன? கெணறு இல்லாம வெறும் வீட்டை வச்சு அவ என்ன செய்வா?" என்றாள். பாலா, இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை படி. நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அன்றைக்கு நான் எழுதியது இதுதான்: "வீடும் அதை ஒட்டிய நிலமும் என் மகள் முத்துச்செல்விக்கும், மற்றச் சொத்துகள் யாவும் என் மகன் பாலமுருகனுக்கும்." சர்வே நம்பரின் உட்பிரிவுகளை எழுதவில்லை. செக்குபந்தி எழுதவில்லை. செக்குபந்தி என்று நாங்கள் சொல்வது நான்கு எல்லையை, வடக்கே யார், தெற்கே எது என்பதை. அது இல்லாமல் ஒரு சின்னப் பத்திரத்தை எழுதினாலும் என்னிடம் வேலை பழகினவர்களை நான் எப்படி ஏசுவேன் என்று உனக்கே தெரியும். என் சொந்த மனைவியின் உயிலில் அதை விட்டேன். கைத்தவறு என்று எல்லோரிடமும் சொன்னேன், மனைவி சாகக்கிடக்கும்போது யாருக்குத்தான் கை சரியாக ஓடும் என்று அவர்களும் இரக்கப்பட்டார்கள். கைத்தவறு இல்லை. அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. துறைமுகம் வளர்ந்துகொண்டே வருகிறது, அந்த ரோட்டோரம் இனி சும்மா கிடக்காது, ஆம்பளைப் பிள்ளைக்கு அதில் ஒரு கை இல்லாமல் போய்விடக்கூடாது என்று நினைத்தேன். அவள் சொன்னதை மாற்றி எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. சொன்னதைச் சொன்னபடி முழுசாக எழுதவும் மனம் இல்லை. அதனால் நடுவில் ஒரு ரோடு நுழைகிற அளவுக்கு இடம் விட்டு எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தான் சொன்ன அதே வார்த்தைகள்தானே என்று அவள் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். அவர்கள் வந்தபோது பேச்சு முடிந்துவிட்டது. அம்மா பேசியதைக் கேட்டது நானும் செல்வியும் மட்டும்தான்.

அம்மா போய் மூன்றாம் வருஷம் நீ யார்டு யோசனையோடு வந்தாய். கன்டெய்னர் நிறுத்த ரோட்டோரம் இடம் தேடுகிறார்கள், கிழக்கு நிலம் உயிலில் மற்றச் சொத்தில்தான் வருகிறது என்று வக்கீல் சொன்னார் என்றாய். நீ என்னைப் பொய் சொல்லச் சொல்லவே இல்லை. நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எப்பா, நடுவுல ரோடு இருந்தா ஒட்டுன நெலம்னு நீங்க எழுதுவீங்களா?" நான், "எழுத மாட்டோம்" என்றேன். தொழிலில் அது உண்மைதான். ரோடு இருந்தால் ரோட்டுக்குக் கிழக்கு, ரோட்டுக்கு மேற்கு என்றுதான் எழுதுவோம். அந்த ஒரு பதிலை நம்பி நீ கல் ஊன்றினாய், முன்பணம் வாங்கினாய், ஆட்களுக்கு வாக்குக் கொடுத்தாய். அப்போதே, "அம்மா மனசுல அப்படி இல்லலே" என்று ஒரு வார்த்தை நான் சேர்த்திருந்தால் நீ நின்றிருப்பாய். உன்னை நான் அறிவேன். நீ அவசரக்காரன், ஆனால் உன் அம்மாவின் பேச்சை மீறுகிறவன் இல்லை.

செல்வி என் மேஜைக்கு வந்தாள். வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த முகம், கீரை மண் போகாத நகம். ஆட்கள் எழுந்து போகும்வரை நின்றுவிட்டு, "எப்பா, நீங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவன் அக்கா பொய் சொல்லுதான்னு நெனைக்கான்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு பேரும் எனக்குப் பிள்ளைகதான்ளா. நான் ஒரு பக்கமாப் பேசக்கூடாது." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பார். அதற்குப் பிறகுதான் அவள் கோர்ட்டுக்குப் போனாள். நீ அதைப் பெரிய துரோகமாக எடுத்துக்கொண்டு, ஒரே தெருவில் எதிரே வந்தால்கூட முகம் திருப்ப ஆரம்பித்தாய்.

கோர்ட்டில் நடந்ததில் பாதியை நீ வெளியே போனில் பேசிக்கொண்டிருந்ததால் கேட்டிருக்க மாட்டாய். செல்வியின் வக்கீல் சொன்னார், ரோட்டில் பொதுமக்களுக்கு நடந்து போக உரிமை உண்டு, அதனால் மட்டும் இந்தப் பக்கத்து நிலத்துக்கு அந்தப் பக்கத்து நிலம் அந்நியமாகிவிடாது, ஒரே குடும்பம் ஒரே கிணற்றை வைத்து இரண்டையும் ஒன்றாகத்தான் ஆண்டிருக்கிறது என்று. உன் வக்கீல் சொன்னார், ரோடு அரசாங்கத்துடையது, வீட்டு நிலம் போய்த் தொடுவது ரோட்டைத்தான், கிழக்கு நிலத்தை அல்ல, தொடாத ஒன்று எப்படி ஒட்டியதாகும் என்று. இரண்டையும் கேட்டுவிட்டு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சொல்லுக்கு இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள முடியும். ரோடு நிலத்தைப் பிரிக்கிறதா இல்லையா என்பதைவிட, அந்த அம்மா எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்பதுதான் இங்கே முக்கியம். அது தெரிந்தவர் யார்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கூண்டில் ஏறினேன். கடவுளைச் சாட்சி வைத்துச் சொன்னேன். செல்வியின் வக்கீல் கேட்டார், "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா சொன்னப்போ கெழக்க உள்ள நெலத்தைப் பத்தி ஏதாவது பேச்சு வந்ததா?" நான், "இல்லைங்க" என்றேன். "ஒட்டுன நெலம்னு அவங்க எதைச் சொன்னாங்க?" "வீட்டைச் சுத்தி உள்ளதைத்தாங்க சொன்னா." "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிச்சுத்தாங்க சொல்லுதேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் உன் வீட்டில் இருந்தேன், உன் மனைவி போடுகிற சோற்றைத் தின்றேன், கடைசிக் காலத்தில் என்னை நீதான் பார்க்க வேண்டும் என்ற பயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் உயிலை வேண்டுமென்றே அரைகுறையாக எழுதியது வெளியே வந்துவிடும் என்ற வெட்கமும் இருந்தது. வாழ்நாளெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாதவன் என்று பெயர் வாங்கியவன் அல்லவா? அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என் மகளைக் கொடுத்தேன். செல்வியும் கூண்டில் ஏறி அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள், கிணற்றைப் பற்றிக் கேட்டதுவரை. ஆனால் லாபம் அடையப்போகிறவள் சொல்வது, அதற்கு எதிராகப் பெற்ற தகப்பன் சொல்வது. யாரை நம்புவார்கள்?

வெளியே வராந்தாவில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கத்துவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினாள். "கண்ணாடியை உள்ளயே வச்சிட்டு வந்துட்டீங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். "எப்பா, நானும் அங்கனதான நின்னேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். நீ காரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். வழியில் எனக்கு இளநீர் வெட்டித் தரச்சொன்னாய். நான் அதைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தொண்டையில் இறங்கியதே என்பதுதான் இன்றைக்கு என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

பிறகு தீர்ப்பு உன் பக்கம் வந்தது, கிழக்கே சுவர் எழும்பியது. லாரி திரும்ப மண் மேவியபோது கிணறும் மண்ணுக்குள் மூடிப்போனது. உனக்கு அது ஒரு கிணறு. செல்வி அதற்குமேல் பாத்தி போடவில்லை. இறால் கம்பெனியில் தோலுரிக்கப் போனாள். நாள் பூராவும் ஐஸில் கை வைக்கிற வேலை. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். அந்தக் கையால் எனக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். அபியின் படிப்பைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். நிலத்தைப் பற்றி ஒரு சொல் வராது. மார்பில் கட்டி இருப்பதை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். சொல்வதற்கு அவளுக்கு யார் இருந்தோம்?

போன வருஷம் பெரியாஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கிடந்த மூன்று நாளும் நான் போனேன். நீ ஊரில் இல்லை, நான் உனக்குத் தாமதமாகத்தான் சொன்னேன், அதையும் சேர்த்து மன்னித்துக்கொள். முதல் நாள் போகும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நான் கோர்ட்டில் பொய் சொன்னேன்." பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் மின்விசிறி சரியாகச் சுற்றவில்லையே என்று பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் ரொட்டியும் பாலும் கொண்டுபோனேன், அதைப் பற்றிப் பேசினேன். மூன்றாம் நாள் அவளால் அதிகம் பேச முடியவில்லை. நான் கிளம்ப எழுந்தபோது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "எப்பா, வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். பாலா, அவளே கேட்டாள். அவளே வழி விட்டாள். நான், "ஒண்ணுமில்லளா, ஒறங்கு" என்றேன். மறுநாள் போவதற்குள் முடிந்துவிட்டது. நீ வந்து விழுந்து அழுதாய். எல்லாக் காரியங்களையும் முன்னின்று செய்தாய். ஆனால் அவள் பொய் சொல்லித் தம்பி மேல் கேஸ் போட்டவள் என்று நினைத்தபடியேதான் அழுதாய். நீ அப்படி நினைக்கிறாய் என்பது தெரிந்தபடியேதான் அவளும் போனாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது ரோடு இல்லை, நான்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். புதன்கிழமை, செல்விக்காக வாதாடிய அதே வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் வயதாகிவிட்டது. "இப்ப வந்து சொல்லுதீங்களே அண்ணாச்சி" என்றார். பிறகு, தீர்ப்பு முடிந்து இத்தனை வருஷம் ஆனதால் இது எந்த அளவுக்கு நிற்கும் என்று தெரியாது, பொய்ச் சாட்சி சொன்னேன் என்று நானே எழுதிக்கொடுப்பதால் என் மேல்தான் வழக்கு வரும் என்றார். வரட்டும் என்றேன். நீ கேட்ட வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த இரண்டு துண்டும் ஆதியிலிருந்து ஒரே நிலம், ரோடு அதைப் பிரிக்கவில்லை, அதை ஆண்டவள் அதை ஒன்றாகவே நினைத்தாள் என்று அதில் இருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதும் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றை எழுத வழியில்லை, பாலா. இன்றைக்கு அது ஒரே நிலம் என்றால், உன் அம்மா கட்டிலில் கிடந்து சொன்ன அன்றைக்கும் அது ஒரே நிலம்தான். நகல் ஒன்று உனக்கு, ஒன்று அபிக்கு, ஒன்று வக்கீலிடம்.

இதோடு இன்னொரு காகிதமும் வைத்திருக்கிறேன். கிழக்கு நிலத்தை நீ அபிக்கு எழுதிக்கொடுப்பதாக ஒரு தானப் பத்திரத்தின் வரைவு. நான்கு எல்லையும், உட்பிரிவு எண்ணும், கிணறு இருந்த இடமும் எழுதியிருக்கிறேன். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, உன் ஒரு கையெழுத்து போதும். போடு என்று நான் கட்டளையிட முடியாது, அந்த உரிமையை நான் தொலைத்துவிட்டேன். உனக்கு எவ்வளவு நஷ்டம், யார் யாருக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ என்னை இந்த வீட்டைவிட்டுப் போகச் சொன்னாலும் போய்விடுகிறேன். உனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உன்னிடம் வந்து, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கிற நாள் வரலாம். அப்போது யாருக்கு எது நல்லது என்று யோசிக்காதே. என்ன சொன்னாளோ அதைச் சொல். தகப்பன் நீதிபதி ஆகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன்.

நேற்று அபியைப் பார்க்கப் போனேன். ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். செல்வியின் அதே நெற்றி. நாற்காலி போட்டாள். நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உயில், கோர்ட்டு, ஆஸ்பத்திரி. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், "அம்மா எங்கிட்டச் சொல்லிட்டா தாத்தா" என்றாள். "நீங்க வந்துட்டுப் போற ஒவ்வொரு நாளும், தாத்தா இன்னைக்கும் சொல்லலம்பா. கடைசி நாள்தான் சொன்னா, என்னைக்காவது ஒரு நாள் ஒங்கிட்ட வந்து சொல்லுவாரு, அப்ப அவரை ஏசிராதன்னு." போட்ட நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். "அதனாலதான் ஏசாம இருக்கேன்" என்றாள். அதற்குள் வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. குடங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கை கொடுக்கப் போனதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் நான்கு குடமும் பிடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு வந்தேன். போய்வருகிறேன் என்று சொன்னதற்கு, சரி என்றாள்.

என் மகள் என்னிடம் கேட்டது ஒரு வாக்கியம். அவள் உயிரோடு இருந்தபோது அதை நான் கொடுக்கவில்லை. நீயும் அவளை எத்தனையோ பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்லியிருக்கிறாய், என்னை நம்பித்தான் சொன்னாய், ஆனாலும் சொன்னாய். அது தப்பு என்று நீ போய்ச் சொல்ல அவள் இனி இல்லை. அவள் பெற்ற பிள்ளை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அபிக்கு வேலை கிடையாது, வீட்டில்தான் இருக்கிறாள். வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகாதே. தனியாகப் போ.

அப்பா